நளன் உடம்பில் இருந்த இன்னொருவன்



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகையில் இலக்கியப் பகுதி எழுதும் முறை எனக்கு வந்தது. நளன் தமயந்தி கதையைப் பற்றி எழுதுகிறேன். "அதான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதையாச்சே" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன். போன வாரம் எங்கள் தமிழம்மா வகுப்பில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். அதற்கு அப்புறம்தான் எனக்கு இந்தக் கதை சரியாகத் தெரியாது என்று தெரிந்தது.

பட்டிமன்றத் தலைப்பு: "நடுக்காட்டில் தமயந்தியைக் கைவிட்டவன் யார்? நளனா? கலியா?" நான் "கலியே" அணி. நளன் உடம்புக்குள் கலி புகுந்துகொண்டு எல்லாவற்றையும் செய்தான், பாவம் நளன் மேல் தப்பே இல்லை என்று பேசினேன். எதிர் அணியில் இருந்த என் தோழி எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உள்ள இருந்தவன் கலி, சரி. ஆனா புடவையைக் கிழிச்ச கை யாருது?" வகுப்பே கைதட்டியது. எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் தோற்றுப் போனோம். அன்றைக்கு வராத பதிலை ஒரு வாரம் யோசித்து இப்போது எழுதுகிறேன்.

1. கதை எங்கே இருக்கிறது?

நளன் கதை மகாபாரதத்தில் வனபருவத்தில் வருகிறது. சூதாட்டத்தில் நாட்டை இழந்து காட்டில் இருக்கும் தருமர், "என்னைப் போல் துன்பப்பட்ட அரசன் வேறு யாராவது உண்டா?" என்று கேட்கிறார். "உண்டு" என்று பிருகதசுவர் என்னும் முனிவர் சொல்லும் கதை இது. தமிழில் இதைப் புகழேந்திப் புலவர் நளவெண்பா என்ற நூலாகப் பாடினார். அதிவீரராம பாண்டியர் நைடதம் என்று பாடினார்.

நளவெண்பாவில் மூன்று காண்டங்கள். சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம். தலைப்புகளைக் கவனியுங்கள். நளன் பெயரோ தமயந்தி பெயரோ ஒன்றிலும் இல்லை. கலி பெயர் இரண்டில் இருக்கிறது. ஒருவன் உடம்பில் இன்னொருவன் புகுந்ததும், பிறகு வெளியேறியதும்தான் கதையின் முக்கால்வாசி.

2. ஐந்து உடம்பு, ஒரே முகம்

நளன் நிடத நாட்டு அரசன். தமயந்தி விதர்ப்ப நாட்டு அரசன் வீமனின் மகள். (பாண்டவர்களில் வரும் வீமன் வேறு, இவர் வேறு.) அன்னப்பறவை தூது போய் இருவருக்கும் காதல் உண்டாகிறது. சுயம்வரத்துக்கு இந்திரன், அக்கினி, வருணன், எமன் ஆகிய நான்கு தேவர்களும் வருகிறார்கள். நால்வரும் நளனைப் போலவே உருவம் எடுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொள்கிறார்கள். மண்டபத்தில் ஐந்து நளன்!

தமயந்தி பயப்படவில்லை. உற்றுப் பார்த்தாள். தேவர்களுக்குக் கண் இமைக்காது, வியர்க்காது, கால் தரையில் படாது, நிழல் விழாது, மாலை வாடாது. யாருக்கு வியர்த்திருந்ததோ, யார் மாலை வாடியிருந்ததோ, அவன் கழுத்தில் மாலை போட்டாள். தேவர்களுக்கு இல்லாத குறைகளை வைத்துத்தான் தன் மனிதனை அடையாளம் கண்டாள். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

தேவர்கள் கோபப்படாமல் நளனுக்கு வரம் கொடுத்தார்கள். நினைத்த இடத்தில் நெருப்பும் தண்ணீரும் வரும். சமைத்தால் தனி ருசி இருக்கும். நல்ல சமையலை "நளபாகம்" என்று சொல்கிறோமே, அது இதனால்தான். இந்த வரங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

3. கலி யார்?

சிறிய வகுப்புத் தம்பி தங்கைகள் கலியைக் காளி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காளி அம்மன். கலி என்பவன் கலியுகத்துக்கு உரியவன். சுயம்வரத்துக்குத் தாமதமாகக் கிளம்பி வந்தவன். தமயந்தி ஒரு மனிதனுக்கு மாலை போட்டுவிட்டாள் என்று கேட்டு ஆத்திரப்பட்டு, நளனைக் கெடுப்பேன் என்று சபதம் போட்டான். துவாபரன் என்பவனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான்.

இதில் ஒரு புதிய விஷயம் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் சூதாட்டத்தில் விழும் நான்கு வகைக்குக் கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று பெயர். கிருதம் நான்கு, திரேதம் மூன்று, துவாபரம் இரண்டு, கலி ஒன்று. கலிதான் தோற்கும் ஆட்டம். யுகங்களுக்கும் இதே பெயர்கள்தான். ஆக, சூதாட்டத்தில் தோல்வியின் பெயர் எதுவோ, அதே பெயர் உள்ளவன்தான் நளன் உடம்பில் புகுந்தான்.

நம் பக்கத்தில் பெரியவர்கள் நளனைச் சனி பிடித்ததாகச் சொல்வார்கள். காரைக்கால் அருகில் உள்ள திருநள்ளாற்றில் நீராடி நளனுக்குச் சனி தோஷம் நீங்கியது என்பது அந்தக் கோயிலின் வரலாறு. அங்கே நளதீர்த்தம் என்ற குளமே இருக்கிறது. மகாபாரதத்திலும் நளவெண்பாவிலும் பிடித்தவன் கலி. யார் பிடித்தாலும் "பிடிச்சிடுச்சு" என்கிற வார்த்தை ஒன்றுதான்.

4. புகுந்த வழி

கலியால் உடனே புகமுடியவில்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்தான். ஒருநாள் நளன் காலைச் சரியாகக் கழுவாமல் மாலை வழிபாட்டுக்குப் போனான். அந்தச் சின்ன இடைவெளியில் கலி உள்ளே போய்விட்டான்.

பட்டிமன்றத்தில் எல்லாரும் இந்த இடத்தில் சிரித்தார்கள். "கால் கழுவாததுக்கா இவ்ளோ பெரிய தண்டனை?" என்று கேட்டார்கள். நானும் இது அநியாயம் என்றுதான் நெனச்சேன். அப்புறம் தமிழம்மாவிடம் இருந்த மகாபாரத உரைநடைப் புத்தகத்தை வாங்கி முதலில் இருந்து படித்தேன். நளனைப் பற்றிச் சொல்லும் தொடக்கத்திலேயே, அவன் வீரன், உண்மை பேசுபவன் என்று புகழும்போதே, சூதாட்டத்தில் விருப்பம் உள்ளவன் என்றும் இருக்கிறது. அப்போது கலி வரவே இல்லை. அன்னம் கூட இன்னும் வரவில்லை.

அப்படியென்றால் கலி புதிதாக ஒன்றையும் கொண்டு வரவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்த ஆசையைப் பிடித்துக்கொண்டான். கால் கழுவாதது கதவு திறந்த நேரம். சூதாட்ட ஆசை, கலி போய் உட்கார்ந்த இடம்.

5. ஒரே உடம்பில் இருவர்

தம்பி புட்கரன் சூதாடக் கூப்பிட்டான். நளன் மாதக்கணக்கில் ஆடினான். மந்திரிகள் வந்து நின்றார்கள், பார்க்கவில்லை. தமயந்தி அழுதாள், கேட்கவில்லை. நாடும் செல்வமும் போயின. கடைசியில், "தமயந்தியை வைத்து ஆடுகிறாயா?" என்று புட்கரன் கேட்டான். நளனுக்கு நெஞ்சே வெடிப்பது போல் கோபம் வந்தது. ஒன்றும் பேசாமல் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

இங்கே நின்று யோசித்துப் பாருங்கள். கலி உள்ளே இருக்கும்போதே நளன் மனைவியைப் பணயம் வைக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் தருமர் உடம்பில் எந்தக் கலியும் புகவில்லை. ஆனால் அவர் பாஞ்சாலியைப் பணயம் வைத்தார். முனிவர் வேண்டுமென்றே அவருக்கு இந்தக் கதையைச் சொன்னாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, கலி உள்ளே இருந்தாலும் நளனுக்குச் சொந்த புத்தி முழுதாகப் போய்விடவில்லை. காட்டுக்குப் போன பிறகு அவனுடைய ஒரே துணியையும் பறவைகள் தூக்கிக்கொண்டு போய்விட, இருவரும் தமயந்தியின் துணி ஒன்றையே உடுத்தி நடக்கிறார்கள். நளன் அடிக்கடி, "இந்தப் பாதை விதர்ப்பத்துக்குப் போகும்" என்று கை காட்டுகிறான். தமயந்திக்கு அது பயமாக இருக்கிறது, நம்மை விட்டுவிடப் போகிறானோ என்று. அந்தப் பாதையைக் காட்டியது யார்? "இவள் அப்பா வீட்டுக்குப் போய் நல்லா இருக்கட்டும்" என்று நினைத்த நளனா? "இவளை விட்டுவிடு" என்று சொன்ன கலியா? ஒரே கை, இரண்டு பேரின் வேலை.

ராத்திரி ஒரு பாழடைந்த மண்டபத்தில் தமயந்தி தூங்குகிறாள். நளன் அங்கே கிடந்த வாளால் துணியைப் பாதியாக அறுத்து உடுத்திக்கொண்டு கிளம்புகிறான். கொஞ்ச தூரம் போகிறான். திரும்பி வந்து அவளைப் பார்த்து அழுகிறான். மறுபடி போகிறான். மறுபடி வருகிறான். கலி ஒரு பக்கம் இழுக்கிறான், அன்பு ஒரு பக்கம் இழுக்கிறது. கடைசியில் கலி ஜெயிக்கிறான்.

என் தோழி கேட்ட கேள்விக்கு முதல் பாதிப் பதில் இதுதான். கை நளனுடையது. அதை இழுத்தவர்கள் இரண்டு பேர். கலி மட்டும்தான் என்றால் திரும்பி வந்து அழுதது யார்? நளன் மட்டும்தான் என்றால் அத்தனை முறை ஏன் திரும்ப வேண்டும்?

6. வெளியேறிய வழி

கலி தானாகப் போகவில்லை. மூன்று பேர் சேர்ந்து போக வைத்தார்கள்.

முதலில் தமயந்தி. கண் விழித்துப் பார்த்துத் தனியாக நின்றபோது அவள் நளனைச் சபிக்கவில்லை. "நளனை இந்தக் கதிக்கு ஆளாக்கியவன் யாரோ, அவன் இதைவிட அதிகமாகத் துன்பப்படட்டும்" என்று சபித்தாள். கலி என்று ஒருவன் உள்ளே இருப்பது அவளுக்கு யாரும் சொல்லாதபோதே, தன் கணவனையும் அவனை ஆட்டுவிப்பதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாள்.

இரண்டாவது கார்க்கோடகன் என்னும் நாகம். காட்டுத்தீயில் சிக்கியிருந்த அவனை நளன் காப்பாற்றினான். உதவி செய்தவனையே பாம்பு கடித்தது! நளனின் அழகெல்லாம் போய்க் குறுகிய கைகளோடு வேறு ஆளாக ஆனான். ஆனால் அந்த விஷம் நளனை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருந்த கலியைத்தான் எரித்தது. திரும்ப உருவம் பெறுவதற்கு ஆடையும் கொடுத்துவிட்டு நாகம் போனது.

மூன்றாவது இருதுபன்னன். அயோத்தி அரசன். நளன் வாகுகன் என்ற பெயரில் அவனிடம் தேரோட்டியாகச் சேர்ந்தான். ஒருநாள் தேரில் போகும்போது இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதில் எத்தனை இலை, எத்தனை காய் என்று பார்த்த உடனே சொன்னான். நளன் இறங்கி எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. அந்த எண்ணும் வித்தையையும் சூதாட்டத்தின் நுட்பத்தையும் நளன் அங்கேயே கற்றுக்கொண்டான். கற்ற அந்த நிமிடமே கலி விஷத்தைக் கக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

ஏன் அந்த நிமிடம்? கலி உட்கார்ந்திருந்தது சூதாட்ட ஆசையில். ஆசை இருந்தது, ஆட்டத்தின் சூட்சுமம் தெரியவில்லை. தெரிந்ததும் கலிக்கு உட்கார இடம் இல்லை.

நளன் கலியைச் சபிக்கப் போனான். கலி கெஞ்சினான். நளன் விட்டுவிட்டான். கலி தான்றி மரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டான். ஏன் தான்றி என்றால், அந்தக் காலத்தில் தான்றிக்காய்தான் சூதாட்டக் காய். நமக்குத் தான்றியை நன்றாகத் தெரியும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்ததுதான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் திரிபலா சூரணம்.

7. ஒரு உடம்பு, வேறு முகம்

தமயந்தி எப்படியோ பிறந்த வீடு வந்து சேர்ந்தாள். அழுதுகொண்டு உட்காரவில்லை. நாலாபக்கமும் ஆள் அனுப்பித் தேடினாள். அயோத்தியில் ஒரு தேரோட்டி மேல் சந்தேகம் வந்தது. "தமயந்திக்கு நாளைக்கே மறு சுயம்வரம்" என்று இருதுபன்னனுக்கு மட்டும் சொல்லி அனுப்பினாள். அவ்வளவு தூரத்தை ஒரே பகலில் ஓட்டக்கூடியவன் நளன் ஒருவன்தான் என்று அவளுக்குத் தெரியும். தேர் வந்துவிட்டது. இறங்கியவனோ வேறு முகம்.

தோழியை அனுப்பிக் கவனிக்கச் சொன்னாள். பாத்திரத்தைப் பார்த்தாலே தண்ணீர் நிறைகிறது, நினைத்தவுடன் நெருப்பு எரிகிறது என்று தோழி வந்து சொன்னாள். அவன் சமைத்ததை வாங்கி ருசி பார்த்தாள். குழந்தைகளை அனுப்பினாள். அவன் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அன்றைக்கு ஒரே முகத்தோடு ஐந்து பேர் இருந்தபோது ஒருவனைக் கண்டுபிடித்தவள், இன்றைக்கு முகமே மாறிப்போனவனையும் கண்டுபிடித்தாள்.

8. "நான் செய்யவில்லை, கலி செய்தான்"

இருவரும் நேரில் சந்தித்தபோது, தூங்குகிற மனைவியைக் காட்டில் விட்டுப் போன ஒருவனைப் பார்த்ததுண்டா என்று அவள் கேட்டாள். நளன், "அது நானாகச் செய்தது இல்லை, கலி செய்தது" என்றான்.

பட்டிமன்றத்தில் நான் சொன்னதும் இதேதான். ஆனால் நான் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நளன் இதற்குப் பிறகு என்ன செய்தான் என்பதைச் சொல்லவில்லை. அவன் நிடத நாட்டுக்குப் போய்ப் புட்கரனோடு மறுபடி ஆடி ஜெயித்தான். தன்னைப் பிச்சைக்காரனாக்கிய தம்பி தோற்று நிற்கிறான். நளன் அவனிடம், "அன்றைக்கு என்னை ஜெயித்தது நீ இல்லை, கலி. அவன் செய்த குற்றத்தை உன் மேல் போடமாட்டேன்" என்று சொல்லி, அவன் பங்கையும் கொடுத்து அனுப்பினான். தனக்குச் சொன்ன அதே நியாயத்தை எதிரிக்கும் சொன்னான்.

9. எங்கள் தெருவும் அம்மாவும்

இதை ஏன் இவ்வளவு யோசித்தேன் என்றால், எங்கள் தெருவில் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறோம். ராத்திரி ஒரு வீட்டில் சட்டி உருளும், குழந்தை அழும். காலையில் தண்ணி பிடிக்கிற இடத்தில், "அவரு தங்கமான மனுஷன்தான், உள்ள போன சரக்குதான் அப்படிப் பண்ணுது" என்று சொல்வார்கள். சாயந்தரமும் அதே சட்டி உருளும்.

அம்மா மல்லாட்டை உரிச்சிக்கிட்டு இருக்கும்போது நளன் கதையைச் சொல்லி, "கலி பண்ணினான்னு சொன்னா ஒத்துக்கலாமாம்மா?" என்று கேட்டேன். அம்மா நளவெண்பா படித்ததில்லை. கொஞ்ச நேரம் பேசாம உரிச்சிக்கிட்டே இருந்துட்டு, "அவன் அதை எப்ப சொன்னான்? உள்ள இருக்கறப்பவா, போனதுக்கு அப்புறமா?" என்று கேட்டார்கள்.

"போனதுக்கு அப்புறம்தாம்மா."

"அப்ப ஒத்துக்கலாம். உள்ள வெச்சிக்கிட்டே சொல்றவங்க பேச்சைத்தான் ஒத்துக்கக் கூடாது."

என் தோழிக்கு மீதிப் பாதிப் பதில் இதுதான். "நான் இல்லை, கலி" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அது உண்மையா, சாக்கா என்று பார்க்க நளன் கதையில் மூன்று அடையாளம் இருக்கிறது.

அ) கலி வெளியே போன பிறகு சொல்ல வேண்டும்.
ஆ) கலி எந்த இடத்தில் உட்கார்ந்தானோ அதைச் சரி செய்திருக்க வேண்டும்.
இ) தனக்குக் கேட்கிற மன்னிப்பை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றும் இருந்தால் தமயந்தி மாதிரி ஏற்றுக்கொள்ளலாம். அதுவும் உடனே இல்லை, அவளைப் போலவே சோதித்துப் பார்த்து.

ஆகவே தோழியே, புடவையை அறுத்த கை நளனுடையதுதான். நான் ஒத்துக்கொள்கிறேன். அதே கைதான் பிறகு தான்றிக்காயை ஒவ்வொன்றாக எண்ணியது என்பதை நீயும் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பட்டிமன்றத்தில் எங்கள் அணிக்கு மறுபடி வாய்ப்புக் கொடுக்குமாறு தமிழம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. கலி உள்ளே இருந்தும் நளன் செய்ய மறுத்தது எது?
2. தமயந்தி நளனைச் சபித்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும்?
3. நமக்குள் கலி உட்காரக்கூடிய இடம் எது? (இதற்கு விடையை யாரிடமும் காட்ட வேண்டாம். உங்கள் நோட்டில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.)

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். 

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
"கலியே" அணி